பூச்சி விழுந்த தொட்டி மண்: எதை மீட்கலாம், எதைக் கழிக்க வேண்டும்?

தக்காளி பாதியில் வாடிவிட்டது, பாகற்கொடியில் காய்க்குக் காய் புழு, மிளகாய் இலை சுருண்டு நின்றுவிட்டது. செடியைப் பிடுங்கி எறிந்தாகிவிட்டது. மிச்சம் இருப்பது பையில் உள்ள மண். அதில் மறுபடியும் நடலாமா, கொட்டிவிட வேண்டுமா?

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய கேள்வி. செம்மண்ணும் தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் காசு கொடுத்து வாங்கி, மூட்டை மூட்டையாகப் படியேற்றிக் கொண்டுவந்தது. பயந்துபோய் எல்லாவற்றையும் கொட்டுகிறவர்களையும் பார்க்கிறேன், ஒன்றுமே செய்யாமல் அதே பையில் அதே தக்காளியை நட்டு மறுபடி வாடக் கொடுக்கிறவர்களையும் பார்க்கிறேன். இரண்டுமே தேவையில்லை. உங்கள் செடியைத் தாக்கிய பூச்சி தன் வாழ்க்கையின் எந்தப் பகுதியை மண்ணில் கழிக்கிறது என்று தெரிந்தால் போதும். மண்ணை என்ன செய்வது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். பெரும்பாலான மண்ணை மீட்டுவிடலாம். கழிக்க வேண்டிய மண் மிகக் குறைவு.

முதலில் பையைக் கவிழ்த்துப் பாருங்கள்

செடியின் தண்டைப் பிடித்து வெடுக்கென்று இழுக்காதீர்கள். வேர் அறுந்து மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும், பார்க்க வேண்டியது அதைத்தான். ஒரு நாள் தண்ணீர் விடாமல் வைத்து, பையைப் பக்கவாட்டில் தட்டி, பழைய பிளெக்ஸ் பேனர் அல்லது வெள்ளைச் சாக்கின் மேல் மொத்தமாகக் கவிழுங்கள். வெள்ளைப் பரப்பில் புழுவும் கூட்டுப்புழுவும் நன்றாகத் தெரியும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று இடங்களைப் பாருங்கள். வேர்: முடிச்சு, அழுகல், வெள்ளைப் பஞ்சு உண்டா? தண்டின் அடிப்பகுதி, மண்ணைத் தொடும் இடம்: வெள்ளைப் பூஞ்சை, கடுகு அளவு உருண்டைகள் உண்டா? அப்புறம் மண்: புழு, கூட்டுப்புழு, முட்டைக் குவியல், எறும்புக் கூடு. இரண்டு மூன்று பைகளில் பிரச்சினை என்றால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கொட்டுங்கள். எல்லாவற்றையும் ஒரே குவியலாக்கிவிட்டால் ஒரு பையின் நோய் எல்லாப் பைக்கும் போய்விடும்.

இனி, கண்ணில் பட்டதைப் பொறுத்துக் கீழே உள்ள பகுதிக்குப் போகலாம்.

இலையில்தான் பிரச்சினை, வேர் வெள்ளையாகச் சுத்தமாக இருக்கிறது

அசுவினி, வெள்ளை ஈ, செஞ்சிலந்தி ஆகிய மூன்றும் இலையிலேயே பிறந்து இலையிலேயே வாழ்பவை. மண்ணில் அவற்றுக்கு வேலையில்லை. உதிர்ந்த இலைகளையும் முளைத்திருக்கும் களைகளையும் பொறுக்கி அகற்றி, மண்ணை இரண்டு நாள் வெயிலில் காயவைத்தால் போதும். வெண்டையில் இலை நரம்பெல்லாம் மஞ்சளாகிவிடும் மஞ்சள் நரம்புத் தேமல் நோயும் இதே கணக்குதான். அந்த வைரஸை வெள்ளை ஈ சுமந்து வருகிறது, மண் வழியாக அது பரவுவதில்லை. அந்த மண்ணைக் கொட்டுவது வீண்.

ஆனால் இலையிலும் காயிலும் சேதம் செய்துவிட்டு, கூட்டுப்புழுப் பருவத்துக்கு மண்ணுக்கு இறங்குகிற பூச்சிகளும் உண்டு. வேர் சுத்தமாகத் தெரிவதால் இவற்றை எளிதில் தவற விட்டுவிடுவோம்.

மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் அது பெரும்பாலும் இலைப்பேன். அதன் இளம் பருவத்தில் பல கீழே விழுந்து, மண்ணின் மேலடுக்கில் சில நாள் அசையாமல் இருந்து, இறக்கை முளைத்து வெளியே வரும். தக்காளி, பீன்ஸ் இலைகளில் பாம்பு ஊர்ந்த கோடுபோலத் தெரியும் இலைத்துளைப்பானும் பெரும்பாலும் மண்ணில்தான் கூடு கட்டுகிறது. பாகல், புடல், பீர்க்கையைக் கெடுக்கும் பழ ஈயின் புழு, அழுகிய காயிலிருந்து துள்ளி விழுந்து மண்ணுக்குள் போய்விடும். மண்ணைச் சலித்தால் கோதுமை மணியைவிடச் சிறிதாக, பழுப்பு நிறத்தில் உருளையான கூடுகள் கிடைக்கும். இலையை இரவில் தின்று தீர்க்கும் புரொடீனியாப் புழுவின் கூட்டுப்புழு செம்பழுப்பாக, விரல்நுனி நீளத்துக்கு இருக்கும். அதைக் கையால் பொறுக்கிவிடலாம்.

இவற்றுக்கு மருந்து தேவையில்லை, காத்திருந்தால் போதும். மண்ணை ஒரு சாக்கிலோ பிளாஸ்டிக் பையிலோ போட்டு வாயை இறுக்கிக் கட்டி, வெயில் படும் இடத்தில் மூன்று வாரம் வைத்துவிடுங்கள். நம் ஊர் வெப்பத்தில் பழ ஈ கூட்டிலிருந்து வெளிவர ஒரு வாரம், பத்து நாள் போதும். வெளியே வந்தது மூடிய பைக்குள் தின்ன ஒன்றுமில்லாமல் செத்துப்போகும். கட்டாமல் திறந்து வைத்தால் பறந்துபோய் அடுத்த பாகற்கொடியில் உட்காரும். அதனால் கட்டுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அழுகிய காய்களை அந்த மண்ணிலேயே உரமாகப் புதைப்பதும் கூடாது. அது அடுத்த தலைமுறைப் பழ ஈயை நாமே வளர்ப்பதாகும்.

வேரில் முடிச்சு முடிச்சாக இருக்கிறது

தொட்டி மண்ணில் வரும் தொல்லைகளில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். செடி மதியம் வாடும், மாலையில் நிமிரும். இலை வெளிறும், காய் சிறுக்கும். உரம் குறைவு என்று நினைத்து உரம் போடுவோம், தண்ணீர் குறைவு என்று நினைத்துத் தண்ணீர் விடுவோம். பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க மணி மணியாக வீங்கியிருக்கும். வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை அது. கண்ணுக்குத் தெரியாத புழு. வேருக்குள் புகுந்து, சுற்றியுள்ள செல்களைப் பெருக்க வைத்து, அங்கேயே உட்கார்ந்து உறிஞ்சும். ஒரு பெண் புழு சில நூறு முட்டைகள் இடும். நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை தயார். நான்கு மாதத் தக்காளிக்குள் மூன்று தலைமுறையாவது முடிந்திருக்கும்.

அவரை, தட்டைப்பயறு, நிலக்கடலை வேரிலும் முடிச்சு இருக்கும். அது தழைச்சத்தைச் சேமிக்கும் நல்ல பாக்டீரியாவின் வேர்முண்டு. பிரித்தறிவது சுலபம். நல்ல முண்டு வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், நகத்தால் தள்ளினால் உதிரும், கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சு உதிராது. வேரே பருத்திருப்பதால் அதை அகற்ற வேரையே அறுக்க வேண்டும்.

மண்ணை என்ன செய்வது? முதலில் வேர் அனைத்தையும் பொறுக்கி எடுங்கள். முட்டைகள் முடிச்சுக்குள்ளும் அதன் மேலும்தான் குவிந்திருக்கின்றன. காய்ந்த வேர்த் துண்டுக்குள் அவை பாதுகாப்பாக இருந்துவிடும். கால் அங்குலச் சல்லடையில் மண்ணைச் சலித்து, சல்லடையில் நிற்கும் வேர்த் துணுக்குகளையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். இந்த வேரை உரக்குழியில் போடாதீர்கள். வீட்டு உரத்தொட்டிகள் பெரும்பாலும் அந்த அளவுக்குச் சூடாவதில்லை. காயவைத்துக் குப்பையில் சேருங்கள்.

அடுத்து, கீழே சொல்லும் ஈரமான வெயில் மூடாக்கு. வெறுமனே பரப்பிக் காயவைப்பது இதற்குப் போதாது.

அதற்குப் பிறகும் ஒரு சுற்றுக்கு அந்த மண்ணில் தக்காளி, கத்தரி, வெண்டை, வெள்ளரி, பாகல் எதுவும் வேண்டாம். எல்லாமே இந்தப் புழுவுக்குப் பிடித்தவை. செண்டுமல்லி போடுங்கள். அதன் வேரில் உள்ள ஆல்ஃபா டெர்தீனில் என்ற பொருள் நூற்புழுவைக் கொல்லும். ஆனால் தக்காளிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு செண்டுமல்லியை நட்டால் பெரிதாகப் பயன் இருக்காது. பை முழுக்க வேர் பரவும்படி நெருக்கமாக விதைத்து இரண்டு மூன்று மாதம் வளரவிட வேண்டும். பூவைப் பறித்துக்கொண்டு, பிறகு செடியை வேரோடு நறுக்கி அதே மண்ணில் கலந்துவிடலாம். பூ வேண்டாம் என்றால் சணப்பை, எள்ளும் நல்ல தேர்வுதான்.

விதைப் பாக்கெட்டில் நூற்புழு எதிர்ப்பு என்று போட்டிருக்கும் தக்காளி ரகங்களைச் சிலர் தேடி வாங்குகிறார்கள். அந்த எதிர்ப்பைத் தருவது எம்ஐ என்ற மரபணு. மண் வெப்பம் 28 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது தளர்ந்துவிடும். மாடித் தளத்தில் கறுப்புப் பைக்குள் மண் ஆண்டின் பெரும்பகுதி அதைத் தாண்டித்தான் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் கொஞ்சம் கைகொடுக்கலாம். அதை நம்பி மண்ணைச் சுத்தம் செய்யாமல் விடுவது சரியில்லை.

செடி இரண்டே நாளில் பச்சையாகவே வாடிச் செத்தது

இது பூச்சியால் வருவதில்லை. ஆனால் நூற்புழு துளைத்த வேர் வழியாக இந்த நோய்கள் எளிதில் நுழையும் என்பதாலும், மண்ணைக் கழிக்கும் முடிவு இங்கேதான் வரும் என்பதாலும் சொல்கிறேன்.

தண்டின் அடிப்பகுதியை விரல் நீளத்துக்கு வெட்டி, ஒரு கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டிய முனை தண்ணீரில் படும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் முனையிலிருந்து வெள்ளை நூல்போலப் புகைந்து இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அந்த மண்ணை மீட்கப் பார்க்காதீர்கள். கத்தரி, தக்காளி, மிளகாய், இஞ்சி எல்லாவற்றையும் அது தாக்கும், நீண்ட நாள் மண்ணில் தங்கும். சாக்கில் கட்டிக் கழித்துவிடுங்கள். காய்கறிப் பாத்தியிலோ, மழைநீர் அந்தப் பக்கம் ஓடும் இடத்திலோ கொட்டாதீர்கள். பையையும் கழித்துவிடுங்கள். கத்தரிக்கோலையும் மண்வெட்டியையும் நன்றாகக் கழுவி, ஒரு பங்கு ப்ளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அதில் பத்து நிமிடம் ஊறவைத்து அலசுங்கள்.

நூல் எதுவும் இறங்கவில்லை, தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு தெரிகிறது என்றால் பியூசேரியம் என்ற பூஞ்சையால் வரும் வாடலாக இருக்க வாய்ப்பு அதிகம். தண்டடியில் வெள்ளைப் பூஞ்சை இழையும் கடுகு அளவில் பழுப்பு உருண்டைகளும் இருந்தால் ஸ்கிளிரோஷியம் என்ற பூஞ்சை. இந்த இரண்டுக்கும் மேல்மண்ணை நான்கு அங்குலம் எடுத்துக் கழித்துவிட்டு, மீதிக்கு முழுக்கோடை மூடாக்குப் போட்டுப் பார்க்கலாம். அப்புறமும் அந்தச் செடியின் குடும்பத்தையே அதில் வைக்கக் கூடாது. ஒன்றிரண்டு பைதான் என்றால், என்னைக் கேட்டால் அந்த மண்ணைக் குரோட்டன்ஸ் போன்ற அழகுச்செடித் தொட்டிக்குக் கொடுத்துவிட்டுக் காய்கறிக்குப் புது மண் போடுவதே நல்லது.

மண்ணுக்குள் சுருண்டு கிடக்கும் தடித்த வெள்ளைப் புழு

பையைக் கவிழ்த்ததும் அலறவைப்பது இதுதான். ஆங்கில 'சி' எழுத்து மாதிரி சுருண்டிருக்கும், பழுப்புத் தலை, மூன்று ஜோடிக் கால். எல்லாமே எதிரி இல்லை. ஒன்றை எடுத்துத் தட்டையான தரையில் விடுங்கள். மல்லாந்து, முதுகால் நெளிந்து நகர்ந்தால் அது பூ வண்டின் புழு. மட்கிய குப்பையைத் தின்பது அதன் வேலை, வேரை அதிகம் சீண்டாது. உரத்தொட்டியில் விட்டால் நன்றாக வேலை செய்யும். பக்கவாட்டில் கிடந்து அல்லது காலை ஊன்றி நகர்ந்தால் வேர்ப்புழுவாக இருக்கலாம், பொறுக்கி எடுக்க வேண்டும். கட்டைவிரல் பருமனுக்கு மிகப் பெரிதாக இருந்தால் காண்டாமிருக வண்டின் புழு. அது சாணத்தில் வளரும். வண்டானதும் தென்னையின் குருத்தைத் துளைக்கும். பக்கத்தில் தென்னை இருந்தால் அதை உயிரோடு விடவே கூடாது. கோழி வளர்ப்பவர்களிடம் கொடுத்தால் நிமிடத்தில் காலியாகும்.

இந்தப் புழு எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். மாடியில் உள்ள பைக்குப் பெரும்பாலும் அரைகுறையாக மட்கிய சாணத்தோடுதான் வருகிறது. அடுத்த முறை சாண எருவைக் கிளறிப் பார்த்து, சாண வாடை போய் மண் வாடை வந்த பிறகே சேர்க்க வேண்டும்.

மண்ணைச் சலித்து, வெயிலில் நான்கு அங்குல உயரத்துக்குப் பரப்பி, தினம் ஒருமுறை கிளறிவிட்டால் காகமும் மைனாவும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். சின்னப் புழுக்கள் தப்பியிருக்கும் என்று தோன்றினால், மண்ணை மறுபடி நிரப்பும்போது மெட்டாரைசியம் என்ற பூஞ்சைப் பொடியை மட்கிய எருவில் கலந்து சேர்க்கலாம். எருக்குழியில் காண்டாமிருக வண்டுப் புழுவைக் கொல்லப் பயன்படுவதும் அதுதான். பூச்சியைக் கொல்லும் நூற்புழுக்களும் விற்பனைக்குக் கிடைக்கின்றன. ஹெட்டிரோராப்டிடிஸ் இண்டிகா என்ற இனம் கோயம்புத்தூரில் கண்டெடுக்கப்பட்டு 1992இல் பெயர் பெற்றது, நம் மண்ணின் வெப்பத்துக்குப் பழகியது. நூற்புழு என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இது வேரைத் தொடாது. இந்த இரண்டுக்குமே ஈரமும் நிழலும் வேண்டும். மாலையில் இட்டுத் தண்ணீர் தெளியுங்கள்.

மண்ணைத் தட்டினால் சின்னக் கறுப்பு ஈக்கள் பறக்கின்றன

நார்க்கழிவு அதிகமாகவும் எப்போதும் ஈரமாகவும் இருக்கும் பையில் பூஞ்சை ஈ வரும். பெரிய செடிக்குத் தொந்தரவு குறைவு. நாற்றுகளின் இளவேரைத்தான் அதன் புழு கடிக்கும். ஒரு உருளைக்கிழங்குத் துண்டை மண்ணின் மேல் அழுத்தி வைத்து இரண்டு நாள் கழித்துத் திருப்பிப் பாருங்கள். கண்ணாடிபோன்ற உடலும் பளபளக்கும் கறுப்புத் தலையும் கொண்ட சிறு புழுக்கள் ஒட்டியிருந்தால் சந்தேகமில்லை. மண்ணை மெல்லிசாகப் பரப்பி முழுக்கக் காயவைப்பதே போதும், ஈரமில்லாமல் அதனால் பிழைக்க முடியாது. முழுக்கக் காய்ந்த நார்க்கழிவு தண்ணீரை உடனே ஏற்காது என்பதால், திரும்ப நிரப்பும் முன் வாளியில் ஊறவைத்துப் பிழிந்து சேருங்கள்.

வேரிலும் பையின் ஓரத்திலும் வெள்ளைப் பஞ்சு, கூடவே எறும்பு

தண்டிலும் இலையிலும் உள்ள மாவுப்பூச்சி தன் முட்டையைப் பஞ்சுப் பைக்குள் வைத்து, தொட்டியின் விளிம்பிலும் கைப்பிடியிலும் ஒட்டிவிடும். அதனால் மண்ணைவிடப் பையைத் தேய்த்துக் கழுவுவது முக்கியம். வேர்களுக்கிடையே, பையின் உள்சுவரை ஒட்டி நீலமேறிய வெள்ளை மாவு தெரிந்தால் அது வேர் மாவுப்பூச்சி. அந்த இடத்து மண்ணில் தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடும். வேரை அகற்றி, மண்ணை ஈர மூடாக்கில் வையுங்கள்.

எறும்பைக் கவனியுங்கள். மாவுப்பூச்சியின் இனிப்புக் கழிவுக்காக அதைத் தூக்கிக்கொண்டுபோய் அடுத்த தொட்டியில் விடுவதே எறும்புதான். எறும்பு கூடு கட்டியிருந்தால் மண் உள்ளே வறண்டு கிடக்கிறது என்று அர்த்தம். பையை ஒரு அகலமான டப்பில் வைத்து, மேல் வரை தண்ணீர் நின்று அரை மணி நேரம் ஊறும்படி விட்டால் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிடும். டப்பின் விளிம்பில் ஒரு குச்சியைச் சாய்த்து வைத்தால் அதன் வழியே இறங்கும்.

மாவுப்பூச்சிக்கென்று கடுமையான மருந்தை மண்ணில் ஊற்றுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். 2008இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து மல்பெரியையும் மரவள்ளியையும் சூறையாடியபோது, அதை அடக்கியது 2010இல் கொண்டுவந்து விடப்பட்ட ஒரு சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவி. அந்தக் குளவிகள் இப்போதும் நம் தோட்டங்களில் இருக்கின்றன. மருந்து முதலில் கொல்வது அவற்றைத்தான்.

மண்ணில் ஜவ்வரிசிபோல முட்டைக் குவியல்

வெளிர்மஞ்சளாக, நான்கைந்து மில்லிமீட்டர் அளவில், நூற்றுக்கு மேல் சேர்ந்திருந்தால் ஆப்பிரிக்க ராட்சத நத்தையின் முட்டை. கையுறை இல்லாமல் தொடாதீர்கள். இந்த நத்தை சுமக்கும் ஒட்டுண்ணிப் புழு மனித மூளையைச் சுற்றியுள்ள உறையைப் பாதிக்கக்கூடியது. முட்டையைப் பொறுக்கி உப்புத் தண்ணீர் நிறைந்த டப்பாவில் போட்டுவிடுங்கள். உப்பை மண்ணில் தூவ வேண்டாம், நத்தையோடு மண்ணும் போய்விடும். மண்ணை நன்றாகக் காயவைத்தாலே தப்பிய முட்டைகள் சுருங்கிவிடும்.

ஈர மூடாக்கு: வெயிலை வேலை வாங்குவது

இந்த முறையை 1976இல் இஸ்ரேலின் யாக்கோவ் கத்தானும் அவர் குழுவினரும் ஆய்வாக வெளியிட்டார்கள். நம்மிடம் வெயிலுக்குப் பஞ்சமில்லை. பங்குனி தொடங்கி கத்திரி முடியும் வரை இதற்கு ஏற்ற காலம். மொட்டைமாடியின் தளமே சூடாவது நமக்குக் கிடைக்கும் கூடுதல் லாபம்.

மண் ஈரமாக இருக்க வேண்டும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. காய்ந்த மண்ணில் முட்டைகளும் பூஞ்சை வித்துகளும் உறங்கிப்போய் வெப்பத்தைத் தாங்கிவிடும். ஈரத்தில் விழித்திருக்கும்போது சாகும், ஈரம் சூட்டையும் உள்ளே கொண்டுபோகும்.

பிளெக்ஸ் விரித்து அதன் மேல் மண்ணை நான்கிலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். ஈர மண் கனமானது என்பதால் தளத்தின் நடுவில் குவிக்காமல் சுவர் ஓரமாகப் பரப்புவது நல்லது. மேலே ஒளி ஊடுருவும் மெல்லிய பிளாஸ்டிக் தாள். கறுப்புத் தாள் வேண்டாம். அது வெயிலைத் தானே உறிஞ்சிச் சூடாகும், மண்ணுக்குக் குறைவாகவே இறங்கும். ஓரங்களைச் செங்கல் வைத்துக் காற்றுப் புகாமல் அழுத்துங்கள். முடிந்தால் இரண்டு அங்குல இடைவெளி இருக்கும்படி நடுவே காலி பாட்டில்களை வைத்து, மேலே இரண்டாவது தாள் ஒன்று போடுங்கள். இடையில் நிற்கும் காற்று சூட்டைப் பிடித்து வைப்பதால் வெப்பம் நன்றாக ஏறும்.

ஊசி வைத்த சமையல் வெப்பமானி ஒன்று இருந்தால் யூகம் தேவையில்லை. குவியலின் நடுவில், அடி வரை குத்திப் பாருங்கள். 70 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம், அல்லது 60 டிகிரியில் ஒரு மணி நேரம் நின்றால் பெரும்பாலான பூச்சியும் நூற்புழுவும் பூஞ்சையும் முடிந்தன. அந்த வெப்பம் எட்டவில்லை என்றால் நாளைக் கூட்டுங்கள்: நான்கிலிருந்து ஆறு வாரம். வாரம் ஒருமுறை தாளை எடுத்து, ஓரத்து மண்ணை நடுவுக்குத் தள்ளி, ஈரம் பார்த்து, மறுபடி மூடுங்கள். ஓரத்தில்தான் எப்போதும் சூடு குறைவு.

ஐப்பசி மழையில் பை காலியானால் என்ன செய்வது? அவசரமில்லை என்றால் மண்ணைச் சாக்கில் கட்டி, "நூற்புழு" என்று எழுதி ஒதுக்கி வைத்துக் கோடைக்குக் காத்திருங்கள். கட்டி வைத்த மண்ணில் நூற்புழு தானாகச் செத்துவிடும் என்று மட்டும் நம்ப வேண்டாம். நாற்றுத் தட்டுக்குக் கொஞ்சம்தான் வேண்டும் என்றால் ஆவியில் வேகவைக்கலாம். சமையலுக்கு இனி எடுக்காத பழைய இட்லிப் பானையில், துணிமேல் ஈர மண்ணைப் போட்டு, மண்ணின் நடுவெப்பம் 82 டிகிரியைத் தொட்டதும் அரை மணி நேரம் அதே நிலையில் வையுங்கள். அதற்கு மேல் கொதிக்கக் கொதிக்க வைத்தால் செடிக்கு ஆகாத பொருள்கள் மண்ணில் வெளிப்படும். வாடை வரும் என்பதால் வெளி அடுப்பில் செய்வது உத்தமம்.

ஊற்றக் கூடாதவை

மண்ணெண்ணெய், பினாயில், உப்பு மூன்றும் மண்ணைக் கெடுக்கும். சுண்ணாம்பை மண் மருந்து என்று கை நிறையத் தூவுகிறார்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் விடும் பைகளில் மண் ஏற்கெனவே காரத்தன்மை ஏறிக் கிடக்கும். மேலும் சுண்ணாம்பு போட்டால் இரும்புச்சத்து கிடைக்காமல் இளம் இலை மஞ்சளாகும். குருணை மருந்து வேண்டவே வேண்டாம். முன்பு கடைகளில் எளிதாகக் கிடைத்த ஃபோரேட் குருணைக்கு இந்தியாவில் 2020 முடிவோடு முழுத் தடை வந்துவிட்டது. பழைய பாக்கெட் யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள். நாம் கீரை பறித்து அன்றே சமைக்கும் மண் இது.

மீட்ட மண்ணுக்கு உயிர் ஏற்றுவது

வெயிலில் வெந்த மண்ணில் கெட்டதோடு நல்லதும் குறைந்திருக்கும். அந்தக் காலி இடத்தில் யார் முதலில் குடியேறுகிறார்கள் என்பது முக்கியம். நாமே நல்லவர்களைக் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும்.

மேற்பரப்பில் வெள்ளை உப்புப் படலம் இருந்தால் முதலில் அதைச் சுரண்டி எடுத்து, மழைநீர் அல்லது நல்ல தண்ணீரை இரண்டு மூன்று முறை ஊற்றி வடியவிடுங்கள். பிறகு இரண்டு பங்கு பழைய மண்ணுக்கு ஒரு பங்கு மட்கிய எரு அல்லது மண்புழு உரம். நார்க்கழிவு பொடிந்து மண் இறுகியிருந்தால் அரைப் பங்கு புது நார்க்கழிவு. 12 அங்குலப் பைக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையின் பொடியை ஒரு கிலோ எருவுக்கு 10 கிராம் வீதம் கலந்து, லேசாக ஈரப்படுத்தி ஒரு வாரம் நிழலில் மூடி வைத்துப் பிறகு மண்ணில் சேருங்கள். நூற்புழு இருந்த பை என்றால் பர்பூரியோசிலியம் லிலாசினம் என்ற பூஞ்சையையும் இதேபோல எருவோடு சேர்க்கலாம். பழைய பாக்கெட்டுகளில் பேசிலோமைசிஸ் என்று இருக்கும். அது நூற்புழுவின் முட்டைகளைத் தின்னும். இவையெல்லாம் உயிருள்ளவை. மூடாக்கு முடிந்து மண் ஆறிய பிறகே கலக்க வேண்டும். காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள், வெயிலில் கிடந்த பாக்கெட் வேண்டாம்.

கலந்ததும் நட்டுவிடாதீர்கள். புண்ணாக்கு மட்கும்போது சூடாகும், வேகவைத்த மண்ணிலும் அம்மோனியா ஏறியிருக்கும். இரண்டு வாரம் ஈரம் காயாமல் நிழலில் விடுங்கள். முதல் சில நாள் மேலே வெள்ளைப் பூஞ்சை படரும். அது புண்ணாக்கை மட்கச் செய்வது, கிளறிவிட்டால் போதும்.

நடும் முன் இரண்டு சோதனை

ஒரு தம்ளர் மண்ணில் வெந்தயம் தூவித் தண்ணீர் தெளியுங்கள். நான்கைந்து நாளில் பெரும்பாலானவை முளைத்து, வேர்நுனி கருகாமல் வெள்ளையாக இருந்தால் மண் நடவுக்குத் தயார். முளைப்பு குறைவாக இருந்தாலோ வேர்நுனி பழுப்பானாலோ இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்.

நூற்புழு இருந்த மண்ணுக்கு இது போதாது. அதற்கு ஒரு சின்னத் தொட்டியில் அந்த மண்ணைப் போட்டு, எதிர்ப்பு இல்லாத சாதாரண நாட்டுத் தக்காளி நாற்று ஒன்றையோ வெள்ளரி விதையையோ வையுங்கள். ஐந்து வாரம் கழித்து வேரோடு எடுத்து, வாளித் தண்ணீரில் மெதுவாக அலசி வெளிச்சத்தில் பாருங்கள். வேர் நேராக மெல்லிசாக இறங்கியிருந்தால் அந்த மண்ணில் எதையும் நடலாம். ஒன்றிரண்டு சிறு முடிச்சு இருந்தால் கீழே கொட்ட வேண்டாம், அந்தப் பைகளில் இந்தச் சுற்றுக்குச் செண்டுமல்லியை நெருக்கமாக விதையுங்கள். வேர் முழுக்க முடிச்சு என்றால் மூடாக்கில் சூடு போதவில்லை என்று பொருள்: மண்ணை இன்னும் மெல்லிசாகப் பரப்பி, இரண்டாவது தாளும் போட்டு, வரும் கோடையில் மறுபடி செய்யுங்கள்.